அத்தியாயம் 7: பலருக்கு ஒரே டனல் – மல்டிகாஸ்ட், பிராட்காஸ்ட் சேவைகளின் தரவுப் பாதையை நிர்வகித்தல்

கைபேசியில் ஒருவர் காணொளி பார்க்கிறார். அவருக்கான பாக்கெட்டுகள் கோர் நெட்வொர்க்கிலிருந்து டவர் வரை ஒரு ஜிடிபி-யு டனலுக்குள் வருகின்றன. யுடிபி போர்ட் எண் 2152. ஒவ்வொரு பாக்கெட்டின் ஹெடரிலும் டிஇஐடி எனப்படும் 32 பிட் டனல் எண் இருக்கும். அதைப் பார்த்துத்தான் டவர் இது இன்னாருக்கு உரியது என்று பிரிக்கிறது. அவர் இணைப்பைத் துண்டித்தால் டனல் கலையும். வேறு டவருக்கு நகர்ந்தால் டனலின் முனையும் கூடவே நகரும். அந்த டனலுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், அதன் தொடக்கமும் இடமாற்றமும் முடிவும் அவரையே சார்ந்திருக்கின்றன.

மல்டிகாஸ்டிலும் பிராட்காஸ்டிலும் அப்படி ஒரு சொந்தக்காரர் கிடையாது. ஒரே டனலில் வரும் ஒரே பாக்கெட்டை ஆயிரம் பேர் கேட்கலாம், ஒருவர்கூடக் கேட்காமலும் இருக்கலாம். டனலை யார் திறப்பது, யார் மூடுவது, பாக்கெட்டை எந்த இடத்தில் நகலெடுப்பது, அது போய்ச் சேர்ந்ததா என்று யார் சொல்வது? தனியாள் டனலில் தானாகவே விடை கிடைத்துவிடும் இந்தக் கேள்விகளுக்கு இங்கே நீங்கள் முன்கூட்டியே விடை எழுதி வைக்க வேண்டும். களத்தில் வரும் பழுதுகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்விகளில் ஏதோ ஒன்றை யாரும் கேட்காமல் விட்டதால் வருபவை.

ஒரு குழப்பத்தை முதலிலேயே நீக்கிவிடலாம். 2023இல் இந்திய மாநிலங்களில் நடந்த சோதனைகளின்போது கைபேசிகள் திடீரென்று உரக்க ஒலித்து ஓர் எச்சரிக்கைச் செய்தியைக் காட்டியது பலருக்கு நினைவிருக்கும். அது செல் பிராட்காஸ்ட். அந்தச் செய்தி கட்டுப்பாட்டுச் சிக்னலிங் வழியாகவே டவருக்குப் போகிறது, அதற்குத் தரவு டனல் தேவையில்லை. இந்த அத்தியாயம் பேசுவது காணொளி, குழுப் பேச்சு, மென்பொருள் அப்டேட் போன்ற தொடர்ந்து ஓடும் தரவைப் பற்றி.

எல்டிஇ: எம்1 டனல்

எல்டிஇயில் இந்தச் சேவையின் பெயர் இஎம்பிஎம்எஸ். 3ஜிபிபியின் ரிலீஸ் 9 இதை வகுத்தது. தென் கொரியாவின் கேடி நிறுவனம் 2014 ஜனவரியில் இதை வணிகச் சேவையாகத் தொடங்கியது, உலகிலேயே அதுதான் முதல் முறை. உள்ளடக்கம் பிஎம்-எஸ்சி என்னும் சேவை மையத்தில் தொடங்கி, எம்பிஎம்எஸ் கேட்வே வழியாக இ-நோட்பி எனப்படும் டவர் நிலையங்களை அடைகிறது. கேட்வேக்கும் இ-நோட்பிக்கும் இடைப்பட்ட பாதைக்கு எம்1 என்று பெயர். அதில் ஓடுவது பயனர் தரவு மட்டும், அதுவும் கீழ்நோக்கி மட்டும். இ-நோட்பியிலிருந்து மேலே போகும் தரவு என்று எதுவும் கிடையாது.

இங்கே டிஇஐடி ஒதுக்கும் முறையே தலைகீழாகிறது. தனியாள் டனலில், தனக்கு எந்த எண்ணில் அனுப்ப வேண்டும் என்பதைப் பெறுபவர்தான் சொல்வார். தன்னிடம் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள எண்கள் அவருக்குத்தான் தெரியும். நூற்றுக்கணக்கான இ-நோட்பிகள் ஒரே பாக்கெட்டைப் பெறும்போது ஆளுக்கொரு எண் சொன்னால் வேலை நடக்காது. ஆகவே அனுப்பும் கேட்வேயே ஒரு பொது டிஇஐடியை ஒதுக்குகிறது. அந்த எண் ஏதோ ஓர் இ-நோட்பியில் வேறொரு பயனரின் டனல் எண்ணாகவும் இருக்கக்கூடும். அதனால் மோதல் வராது, ஏனென்றால் பொது டிஇஐடிக்கு அது வந்த மல்டிகாஸ்ட் முகவரியோடு சேர்த்துத்தான் பொருள். பாக்கெட் கேப்சரைப் படிக்கும்போது டிஇஐடியை மட்டும் வைத்து வடிகட்டினால் தொடர்பில்லாத பாக்கெட்டுகளும் கலந்து வரும். எப்போதும் சேருமிட முகவரியையும் சேர்த்தே வடிகட்டுங்கள்.

அமர்வு தொடங்கும்போது கேட்வே மூன்று தகவல்களைக் கீழே அனுப்புகிறது: மல்டிகாஸ்ட் குழு முகவரி, தரவை அனுப்பும் மூலத்தின் முகவரி, பொது டிஇஐடி. இவை எம்எம்இ என்னும் கட்டுப்பாட்டு முனை வழியாக, டவர்களை ஒருங்கிணைக்கும் எம்சிஇக்கும், அங்கிருந்து இ-நோட்பிக்கும் போகின்றன. இ-நோட்பி ஐஜிஎம்பி 3ஆம் பதிப்பைப் பயன்படுத்தி, 'இந்த மூலத்திலிருந்து வரும் இந்தக் குழுவின் தரவு எனக்கு வேண்டும்' என்று போக்குவரத்து நெட்வொர்க்கிடம் கேட்கிறது. ஐபிவி6 என்றால் எம்எல்டி 2ஆம் பதிப்பு. ரவுட்டர்கள் மூலத்தை நோக்கி மரம்போல ஒரு பாதையை அமைக்கின்றன.

இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். கட்டுப்பாட்டுச் செய்தி இ-நோட்பியை அடைய வேண்டும், சேர்க்கைக் கோரிக்கை மேலேறிப் போக வேண்டும், கடைசி ரவுட்டர் வரை பாதை அமைய வேண்டும். அமர்வுத் தொடக்கத்துக்கும் முதல் பாக்கெட்டுக்கும் இடையே போதிய அவகாசம் விடாவிட்டால் ஒவ்வொரு நிகழ்ச்சியின் முதல் சில நொடிகளும் தொலையும். அந்த அவகாசத்தை உங்கள் நெட்வொர்க்கின் மிகத் தொலைவான, பல ரவுட்டர்களைக் கடந்து எட்ட வேண்டிய டவரில் அளந்து நிர்ணயியுங்கள். ஆய்வகத்தில் ஒரே ஸ்விட்சில் இணைத்து அளந்த எண் களத்துக்கு உதவாது.

ஒரே நேரத்தில் ஒரே அலை

எல்டிஇயில் டனலுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. எம்பிஎஸ்எஃப்என் முறையில் ஒரு வட்டாரத்தின் டவர்கள் எல்லாம் ஒரே அதிர்வெண்ணில், ஒரே கணத்தில், ஒரே அலைவடிவத்தை அனுப்புகின்றன. கைபேசிக்கு அவை அனைத்தும் ஒரே டவரின் எதிரொலிகள்போலத் தெரியும். 16.7 மைக்ரோநொடி நீளமுள்ள சைக்ளிக் பிரிஃபிக்ஸ் அவை வந்து சேரும் நேரங்களின் வேறுபாட்டை விழுங்கிக்கொள்ளும். ஆனால் ஒரு டவர் மட்டும் தவறான பாக்கெட்டை அனுப்பிவிட்டால், அது அண்டை டவர்களின் சிக்னலைக் கெடுக்கும் இரைச்சலாகிவிடும்.

எனவே எந்தப் பாக்கெட்டை எந்தக் கணத்தில் வானலையில் ஏற்ற வேண்டும் என்பதை டனலே சொல்லியாக வேண்டும். அந்த வேலையைச் செய்வது சிங்க் என்னும் நெறிமுறை. பிஎம்-எஸ்சி ஒவ்வொரு பாக்கெட்டிலும் நேர முத்திரை, பாக்கெட் வரிசை எண், அதுவரை அனுப்பிய மொத்த ஆக்டெட் எண்ணிக்கை ஆகியவற்றைப் பதிக்கிறது. ஜிடிபி-யு டனலுக்குள் இந்த சிங்க் ஹெடரோடுதான் தரவு போகிறது.

ஆக்டெட் எண்ணிக்கை எதற்கு என்று கேட்கலாம். வழியில் ஒரு பாக்கெட் தொலைந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அடுத்து வந்த பாக்கெட்டின் எண்ணிக்கையைப் பார்த்து, தொலைந்தது எவ்வளவு பெரியது, வானலையில் எவ்வளவு இடம் பிடித்திருக்கும் என்று இ-நோட்பி கணக்கிட முடியும். அந்த இடம் வரும்போது அது மௌனமாக இருந்து, சரியான இடத்தில் மீண்டும் சேர்ந்துகொள்ளும். தொலைந்ததை மீட்க முடியாவிட்டாலும் அண்டை டவர்களைக் கெடுக்காமல் இருக்க முடிகிறது. இஎம்பிஎம்எஸ் வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இழப்பு நேரும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, அது பரவாமல் தடுக்க வழி செய்திருக்கிறார்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது நேர முத்திரையின் முன்வைப்பு. பிஎம்-எஸ்சி குறிக்கும் நேரம், நெட்வொர்க்கின் மிக மோசமான தாமதத்தையும் இ-நோட்பியின் செயலாக்க நேரத்தையும் கூட்டியதைவிடச் சற்றுக் கூடுதலாக எதிர்காலத்தில் இருக்க வேண்டும். குறைத்து வைத்தால் தொலைவில் உள்ள டவர்களுக்குப் பாக்கெட் காலம் கடந்து வந்து சேரும், அவை அதை எறிந்துவிடும். 'மாவட்டத்தின் ஒரு மூலையில் மட்டும் படம் விட்டுவிட்டு வருகிறது, ரேடியோ அளவுகள் எல்லாம் சரியாக இருக்கின்றன' என்று புகார் வந்தால் முதலில் இதைப் பாருங்கள். பேக்ஹால் பாதை மாற்றப்பட்ட மறுநாள் இப்படிப்பட்ட புகார் வருவது மிக இயல்பு.

5ஜி: மூன்று பாதைகள்

2022இல் நிறைவுபெற்ற ரிலீஸ் 17, 5ஜிக்கு எம்பிஎஸ் என்ற புதிய கட்டமைப்பைக் கொண்டுவந்தது. 23.247 என்னும் ஆவணம் அதை விவரிக்கிறது. தரவு எம்பி-யுபிஎஃப் வழியாக ஓடுகிறது, அதைக் கட்டுப்படுத்துவது எம்பி-எஸ்எம்எஃப். எல்டிஇயின் எம்1 மல்டிகாஸ்டை மட்டுமே நம்பியிருந்தது. 5ஜியில் தேர்வு உங்கள் கையில் இருக்கிறது.

முதல் பாதை: எம்பி-யுபிஎஃப்பிலிருந்து ஜி-நோட்பி என்னும் 5ஜி டவர் நிலையத்துக்கு என்3எம்பி எனப்படும் பகிர்வு டனல், மல்டிகாஸ்ட் முறையில். எம்பி-எஸ்எம்எஃப் மூல முகவரியையும் குழு முகவரியையும் பொது டிஇஐடியையும் தருகிறது. ஜி-நோட்பி எம்1இல் பார்த்ததுபோலவே சேர்ந்துகொள்கிறது. இரண்டாவது: அதே பகிர்வு டனல், யுனிகாஸ்ட் முறையில். ஒவ்வொரு ஜி-நோட்பியும் தன் ஐபி முகவரியையும் டிஇஐடியையும் சொல்லும், எம்பி-யுபிஎஃப் ஆளுக்கொரு நகல் எடுத்து அனுப்பும். மூன்றாவது: எம்பிஎஸ் தெரியாத ஜி-நோட்பியின் கீழ் இருக்கும் பயனருக்கு, எம்பி-யுபிஎஃப்பிலிருந்து என்19எம்பி வழியாக அவருடைய வழக்கமான யுபிஎஃப்புக்குத் தரவு போய், அவரது சொந்த டனலில் தனியாளுக்கு வருவதுபோல வந்து சேரும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் எதைத் தேர்வது என்பது விளங்கும். 4 எம்பிபிஎஸ் காணொளி ஒன்று. விளையாட்டரங்கைச் சுற்றி 40 ஜி-நோட்பிகள் என்றால் யுனிகாஸ்ட் முறையில் எம்பி-யுபிஎஃப் வெளியே தள்ள வேண்டியது 160 எம்பிபிஎஸ். இதற்காக மல்டிகாஸ்ட் ரவுட்டிங்கை நிறுவிப் பராமரிப்பது வீண். அதே காணொளி 500 ஜி-நோட்பிகளுக்கு என்றால் 2 ஜிபிபிஎஸ், பத்து சேனல்கள் என்றால் 20 ஜிபிபிஎஸ். அந்த அளவுக்கு வரும்போது மல்டிகாஸ்ட் தன் செலவை ஈடுகட்டும். மூன்றாவது பாதையில் 10,000 பேர் பார்த்தால் 40 ஜிபிபிஎஸ். அது பகிர்வே அல்ல, எம்பிஎஸ் இல்லாத இடத்தில் சேவை அறுந்துபோகாமல் காக்கும் ஏற்பாடு மட்டும்.

என் பரிந்துரை, யுனிகாஸ்ட் முறையில் தொடங்குங்கள் என்பதே. பழுது பார்க்க எளிது, ஐபிசெக் என்னும் மறையாக்கப் பாதைக்குள் அப்படியே போகும், எந்த ஜி-நோட்பிக்கு நகல் போகிறது என்பது எம்பி-யுபிஎஃப்பிலேயே தெரியும். ஒரு விலை உண்டு: ஒவ்வொரு ஜி-நோட்பி சேரும்போதும் விலகும்போதும் எம்பி-எஸ்எம்எஃப் எம்பி-யுபிஎஃப்பின் பட்டியலைத் திருத்த வேண்டும். பெரிய நிகழ்ச்சி தொடங்கும் நிமிடத்தில் இந்தத் திருத்தங்கள் அடுக்கடுக்காக வந்து குவியும். மல்டிகாஸ்ட் முறையில் எம்பி-யுபிஎஃப்புக்கு எத்தனை பேர் கேட்கிறார்கள் என்றே தெரிய வேண்டியதில்லை. அதன் வலிமையும் அதுதான், பழுது பார்க்கும் நேரத்தில் நம்மைத் திணறடிப்பதும் அதுதான்.

யார் திறப்பது, யார் மூடுவது

பிராட்காஸ்ட் அமர்வில் விடை எளிது. சேவைப் பரப்பில் உள்ள ஜி-நோட்பிகளுக்கு ஏஎம்எஃப் என்னும் கட்டுப்பாட்டு முனை வழியாகச் செய்தி போகும், டனல் திறக்கும், அமர்வு முடியும்வரை இருக்கும். ஒருவர் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் தரவு ஓடிக்கொண்டே இருக்கும்.

மல்டிகாஸ்டில்தான் எண்ணிக்கை முக்கியமாகிறது. பயனர் தன் பிடியு அமர்வைத் திருத்தும் கோரிக்கை மூலம் குழுவில் சேர்கிறார். அந்தச் செய்தி ஜி-நோட்பியை அடையும்போது, அந்தக் குழுவுக்கு அங்கே பகிர்வு டனல் இன்னும் இல்லையென்றால் ஜி-நோட்பிதான் அதைக் கேட்டுப் பெற வேண்டும். அடுத்து வருபவர்களுக்குப் புதிதாக எதுவும் தேவையில்லை. கடைசி ஆள் வெளியேறியதும் ஜி-நோட்பி டனலை விடுவிக்க வேண்டும். தெருக்குழாயை முதலில் வருபவர் திறந்து, கடைசியாகப் போகிறவர் மூடுவதுபோலத்தான் இது. கடைசி ஆள் யார் என்று யாருக்காவது தெரிந்திருந்தால்தான் குழாய் மூடப்படும்.

அந்தக் கடைசி ஆள் ஒழுங்காக விடைபெற்றுப் போவதில்லை. பேட்டரி தீர்கிறது, லிஃப்டுக்குள் சிக்னல் அறுகிறது, கைபேசி வேறு டவருக்குத் தாவும் நேரத்தில் பழைய இடத்தின் பதிவு நீங்காமல் தங்கிவிடுகிறது. ஆளில்லாத டனலில் தரவு ஓடிக்கொண்டே இருக்கும், யாரும் புகார் செய்ய மாட்டார்கள். பேக்ஹால் நிரம்பிய பிறகுதான் தெரியவரும். ஆகவே தினமும் ஒரு முறை, போக்குவரத்து குறைந்த நள்ளிரவில், ஒவ்வொரு ஜி-நோட்பியிலும் திறந்திருக்கும் என்3எம்பி டனல்களையும் அந்தக் குழுக்களில் சேர்ந்திருக்கும் பயனர்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பயனரே இல்லாத டனல் தொடர்ந்து இரண்டு ஒப்பீடுகளில் தென்பட்டால் அதை விடுவிக்கலாம். ஒரே ஒப்பீட்டை நம்பி விடுவிக்காதீர்கள். அந்தக் கணத்தில் ஒருவர் உள்ளே வந்துகொண்டிருக்கக் கூடும்.

இன்னொரு நுணுக்கம், இடத்தைப் பொறுத்து உள்ளடக்கம் மாறும் சேவைகள். ஒரே குழு அடையாளத்தின் கீழ் வட மாவட்டத்துக்கு ஒரு வானிலை அறிவிப்பும் தென் மாவட்டத்துக்கு வேறொன்றும் போகலாம். அதற்குப் பரப்பு அமர்வு எண் என்று ஒன்று தனியே உண்டு. டனல் குழு அடையாளத்துக்கு ஒன்று என்று எண்ணாதீர்கள், குழு அடையாளமும் பரப்பு எண்ணும் சேர்ந்த ஒவ்வொரு இணைக்கும் ஒன்று. உங்கள் கண்காணிப்பு மென்பொருள் குழு அடையாளத்தை மட்டும் சாவியாகக் கொண்டால் இரண்டு டனல்கள் ஒன்றாகத் தெரியும். அதை நம்பி எடுக்கும் எந்த முடிவும் தவறாகப் போகும்.

டவருக்கு டவர் நகரும்போது பாக்கெட் விடுபடாமலும் இரட்டிக்காமலும் இருக்க, என்3எம்பி பாக்கெட்டுகளில் வரிசை எண் பதிக்கும் வசதி இருக்கிறது. இரு ஜி-நோட்பிகளும் அதே எண்ணைக் கொண்டு ரேடியோ பக்கத்து வரிசை எண்ணை ஒத்துப்போகச் செய்யலாம். கருவி வாங்கும்போதே இது இருக்கிறதா, இயக்கத்தில் இருக்கிறதா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

கீழே ஓடும் நெட்வொர்க்

மல்டிகாஸ்ட் டனலின் தலைவிதி பெரும்பாலும் ரேடியோ பொறியாளரின் கையில் இல்லை, பேக்ஹால் ஸ்விட்சுகளில் இருக்கிறது. திரும்பத் திரும்பக் காணும் பழுது ஒன்றைச் சொல்கிறேன். சேவை சரியாகத் தொடங்கும், நான்கு நிமிடம் போல நன்றாக ஓடும், பிறகு மொத்தமாக நின்றுவிடும். அமர்வை மறுபடி தொடங்கினால் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். காரணம் இது: ஸ்விட்சில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் இயக்கத்தில் இருக்கிறது, ஆனால் அந்த விலானில் 'இன்னும் யாருக்கு வேண்டும்' என்று கேட்கும் குவெரியர் இல்லை. இ-நோட்பியின் முதல் சேர்க்கைக் கோரிக்கையைப் பார்த்து ஸ்விட்ச் கதவைத் திறக்கிறது. பிறகு யாரும் கேட்காததால் இ-நோட்பி பதில் சொல்வதில்லை, ஸ்விட்ச் அந்தப் பதிவை அழித்துவிடுகிறது. இயல்பான அமைப்பில் 125 நொடி இடைவெளியின் இரு மடங்கு, பதிலுக்கான 10 நொடி, மொத்தம் 260 நொடி. சேவை நிற்கும் நேரம் இதற்கு நெருக்கமாக இருந்தால் ரேடியோவைத் தொடவே வேண்டாம், குவெரியரைத் தேடுங்கள்.

முகவரித் திட்டத்திலும் கவனம் வேண்டும். மூலம் குறித்த மல்டிகாஸ்டுக்கு ஐபிவி4இல் 232 என்று தொடங்கும் முகவரிகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் ஈதர்நெட் முகவரியாக மாறும்போது கடைசி 23 பிட்டுகள் மட்டுமே எஞ்சும், ஆகவே 32 ஐபி குழுக்கள் ஒரே ஈதர்நெட் முகவரியில் விழும். 232.1.1.1, 232.129.1.1 இரண்டும் ஸ்விட்சின் கண்ணுக்கு ஒன்றே. 232.0.0 என்று தொடங்குபவற்றை அறவே தவிருங்கள். அவை கட்டுப்பாட்டு நெறிமுறைகள் பயன்படுத்தும் 224.0.0 வரிசையோடு ஒன்றி, எல்லா போர்ட்டுகளிலும் வெள்ளமாய்ப் பாயும்.

பாக்கெட் அளவு அடுத்த தொல்லை. வெளி ஐபிவி4 ஹெடர் 20, யுடிபி 8, ஜிடிபி-யு குறைந்தது 8, ஆக 36 ஆக்டெட் கூடுதல். எல்டிஇயில் சிங்க் ஹெடரும், 5ஜியில் நீட்டிப்பு ஹெடரும், இருந்தால் ஐபிசெக்கும் மேலே சேரும். பேக்ஹாலில் 1500க்கு மேல் இடம் இல்லையென்றால் முழு அளவுப் பாக்கெட் துண்டாகும். ஒரு துண்டு தொலைந்தாலும் முழுப் பாக்கெட்டும் போச்சு, மறு அனுப்பல் என்ற பேச்சே இங்கே இல்லை. பேக்ஹாலில் அளவைக் கூட்டுங்கள். முடியாவிட்டால் மூலத்திலேயே 1400க்குள் நறுக்கி அனுப்பச் சொல்லுங்கள். காவல்துறை, தீயணைப்புத் துறையினரின் குழுப் பேச்சில் சிக்கல் வேறு விதம்: குரல் பாக்கெட்டே சிறிது என்பதால் இந்த ஹெடர்கள் உள்ளே இருக்கும் குரலைவிடப் பெரிதாகிவிடும். அலைவரிசைக் கணக்கை கோடெக்கின் வேகத்தை மட்டும் வைத்துப் போடாதீர்கள்.

ஐபிசெக் பற்றி முடிவெடுக்கும்போது தயங்காமல் பாதுகாப்புக் குழுவை அழைத்து உட்கார வையுங்கள். ஒவ்வொரு டவருக்கும் தனித்தனியே அமைந்த ஐபிசெக் பாதைக்குள் மல்டிகாஸ்ட் இயல்பாகப் பொருந்தாது. வெளியே விட்டால் உள்ளடக்கத்தைச் சேவை மட்டத்திலேயே மறையாக்கம் செய்ய வேண்டும். உள்ளே நகலெடுத்து அனுப்பினால் மல்டிகாஸ்டின் ஆதாயம் போய்விடும். மக்கள் பாதுகாப்புச் சேவைகளுக்கு நான் யுனிகாஸ்ட் என்3எம்பியை ஐபிசெக்குக்குள் அனுப்புவதையே தேர்வேன். அங்கே டவர்களும் சேனல்களும் குறைவு, சேமிக்கும் அலைவரிசையைவிட மறைவு முக்கியம்.

கேட்வே பழுதாகி மாற்று கேட்வே பொறுப்பேற்கும் ஏற்பாட்டையும் சோதியுங்கள். மூலம் குறித்த மல்டிகாஸ்டில் மூல முகவரி மாறினால் பழைய சேர்க்கைகள் எல்லாம் பயனற்றவை. புதிய முகவரியோடு அமர்வை மீண்டும் நிறுவும் செய்தி ஒவ்வொரு டவருக்கும் போயாக வேண்டும். மாற்று கேட்வே ஓடத் தொடங்கிவிட்டது என்பதால் சேவை மீண்டுவிட்டது என்று பொருள் இல்லை.

பழுது பார்க்கும் வரிசை

டனலில் திரும்பி வரும் பாதை இல்லாததால், அனுப்பும் கருவியின் திரையில் எல்லாம் பச்சையாகவே இருக்கும். ஆகவே கீழிருந்து மேலே போங்கள். முதலில் டவரில் எம்1 அல்லது என்3எம்பி போர்ட்டில் பாக்கெட் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் குழு முகவரி, மூலம், டிஇஐடி மூன்றும் டவரிடம் பதிவானவற்றோடு பொருந்துகின்றனவா என்று ஒப்பிடுங்கள். பொருந்தியும் வானலையில் ஏறவில்லை என்றால் எல்டிஇயில் நேர முத்திரையையும் டவரின் கடிகாரத்தையும் சேர்த்துப் பாருங்கள். பாக்கெட்டே வரவில்லை என்றால் டவரின் சேர்க்கைக் கோரிக்கை வெளியே போகிறதா, அருகில் உள்ள ஸ்விட்சில் பதிவு இருக்கிறதா, அடுத்த ரவுட்டரில் இந்த மூலத்துக்கும் குழுவுக்குமான பாதை இருக்கிறதா என்று ஒவ்வொரு கட்டமாக மேலேறுங்கள். கேட்வே வரை போக வேண்டிய தேவை அரிதாகவே வரும்.

புதிய டவர் ஒன்றைச் சேர்க்கும்போது இந்தச் சோதனையைச் சேவை ஓடும் நேரத்திலேயே செய்து, குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்து ஓடவிட்டுப் பாருங்கள். குவெரியர் இல்லாத விலானை ஐந்தாவது நிமிடத்துக்குள் அது காட்டிக்கொடுத்துவிடும். பிறகு அமர்வை முடித்து, டவரிலிருந்து விலகல் கோரிக்கை போனதா, ஸ்விட்சின் பதிவு நீங்கியதா, பேக்ஹால் போர்ட்டில் ஓட்டம் பழைய அளவுக்கு இறங்கியதா என்று பார்த்த பிறகே அந்த டவரைச் சேவைப் பட்டியலில் சேருங்கள்.